தப்புக்கும் பாதி மார்க்

தூத்துக்குடிப் பக்கத்துப் பாலிடெக்னிக் ஒன்றில் வேதமுத்து, கொம்பையா, பன்னீர் என்று மூன்று பேர் படித்தார்கள். முட்டாள்கள் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்கிறவர் வயதில் மூத்தவராக இருந்தால் நன்றி கூடச் சொல்வார்கள். அப்படி வளர்ந்த பிள்ளைகள்.

வேதமுத்து ஆடியில் பிறந்தவன். மற்ற இருவரும் அதே வருஷம் ஆவணி. ஆகவே அவன் அண்ணன். பஸ்ஸில் ஒரு சீட் காலியாக இருந்தால் தம்பிகள் அவனை உட்காரச் சொல்வார்கள், அவன் தம்பிகளை உட்காரச் சொல்வான். அதற்குள் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த வேதமுத்துவுக்கு ஒரு படகுப் பட்டறையில் வேலை சொல்லி வைத்திருந்தது. ஒரே ஒரு பாடம்தான் அரியர். தேறினால் வேலை. தேறாவிட்டால் மாமாவின் கோழிக்கடை. பாவம், அவனுக்குக் கோழியைக் கண்டாலே பயம்.

அந்தப் பாடம் எடுக்கும் ரெஜினாள் மேடம் தேர்வுக்கான வேலையைச் சொன்னார்.

"மூணு பேரும் சேர்ந்து சின்னதா ஒரு படகு செய்யணும். செங்கல்லை ஏத்தினா மிதக்கணும். அதுக்குப் பாதி மார்க். அப்புறம், எங்கே தப்பு பண்ணினோம், என்ன கத்துக்கிட்டோம்னு யோசிச்சுச் சொல்லணும். அதுக்கு மீதிப் பாதி. எல்லாரும் சமமா வேலை செய்யணும். ஒருத்தரை ஒருத்தர் மதிக்கணும்."

மதிப்பதற்கா இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

பலகையெல்லாம் அடித்து முடித்ததும் வேதமுத்து ஆழ்ந்து யோசித்தான். "உள்ள வந்த தண்ணி வெளிய போக வழி வேணும்லா? மொட்டை மாடிக்கு வைக்காப்புல அடியில ஒரு ஓட்டை போடுவோம்."

கொம்பையா பன்னீரைத் தனியே கூட்டிப்போனான்.

"படகு முங்கிரும்லே."

"முங்கத்தான் செய்யும். அதுக்காக அண்ணன்ட்ட எதுத்துப் பேசவா?"

"அவருக்கு வேலை போயிருமே."

"வேலை போனா வேற தேடலாம். மரியாதை போனா எங்கலே தேட?"

கொம்பையாவுக்கு அது நியாயமாகப் பட்டது. சமமாக வேலை செய்ய வேண்டுமல்லவா, ஆளுக்கோர் ஓட்டை போட்டார்கள். தம்பிகள் போட்ட ஓட்டை மட்டும் ஒரு நூல் சிறியது. அடக்கம்தான் காரணம்.

படகு செங்கல்லோடு நேராகக் குளத்தின் அடிக்குப் போய்ச் சேர்ந்தது.

"யார் தப்பு?" என்றார் மேடம்.

"என் தப்பு மேடம். மூத்தவன் நான்தானே" என்றான் வேதமுத்து.

"அண்ணன் தப்பு பண்ணுவாரா? என் தப்பு" என்றான் கொம்பையா.

"சின்னவன் நான் இருக்கையில நீங்க எதுக்குச் சுமக்கணும்?" என்றான் பன்னீர்.

டீக்கடையில் காசு கொடுக்க மல்லுக்கட்டுவார்களே, அப்படி மல்லுக்கட்டினார்கள். கடைசியில், குளத்தில் தண்ணீர் கொஞ்சம் அதிகம் என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் நல்ல மனுஷி. "இன்னொரு சான்ஸ் தர்றேன். ஓட்டை இல்லாமச் செய்ங்க. மிதந்தா மட்டும் போதாது, தப்பைச் சொன்னாத்தான் வேதமுத்து பாஸ். பழைய தப்பைச் சொல்லிச் சமாளிக்கக் கூடாது. புதுசாச் செஞ்ச தப்பைத்தான் சொல்லணும்."

அடுத்த வாரம் படகு மிதந்தது. செங்கல்லில் ஒரு சொட்டு ஈரமில்லை. மேடத்துக்கே நம்ப முடியவில்லை. "சபாஷ். சரி, தப்பைச் சொல்லுங்க."

மூவரும் படகைக் கரையேற்றிச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பன்னீர் படுத்துப் பார்த்தான். கொம்பையா மோந்து பார்த்தான். ஒரு தப்பும் அகப்படவில்லை. வேதமுத்துவின் கண் கலங்கிவிட்டது.

"கோழிக்கடைதான் போல" என்றான்.

தம்பிகளுக்கு மனசு கேட்கவில்லை. மூன்று பேரும் தள்ளிப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு படகை மேடத்தின் மேஜைமேல் தூக்கி வைத்தார்கள். கொம்பையா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தான். பன்னீர் எங்கிருந்தோ ஒரு தாம்பாளம் கொண்டுவந்தான். அதில் ஒரு சம்மட்டி இருந்தது.

வேதமுத்து தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினான்.

"புதுசா ஒரு தப்பு பண்ணப் போறோம் மேடம். பெரியவங்க இருக்கையில நாங்க முந்தக் கூடாது. முதல் அடியை நீங்களே அடிச்சுத் தொடங்கி வைக்கணும்."