எதிரே உட்கார்ந்தவருக்கு ஒரு வேண்டுதல்

சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் மடத்துக்கு மாதம் ஒருமுறை வந்துவிடுவார் சேந்தன். மூன்று வருஷமாக, கம்ப்யூட்டரில் போக்கர் என்ற சீட்டாட்டத்தைப் பணம் கட்டி ஆடித்தான் மனைவியையும் மகளையும் காப்பாற்றுகிறார். வேறு வருமானம் கிடையாது.

மடத்துக் குருவுக்கும் அவருக்கும் ஒரே வயசுதான்.

"வாங்க சீட்டுக்காரரே. சாப்பிட்டீங்களா?" என்றார் குரு, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே.

"ஆச்சு சாமி. ஒரு சந்தேகம். நான் செய்றது பாவமா? வீட்டுக்காரி கேக்கிறா. பதில் சொல்ல முடியலை."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"யாரையும் ஏமாத்தலை. அதிர்ஷ்டத்தையும் நம்பலை. பத்துக்கு எட்டுத் தடவை சீட்டைக் கவிழ்த்துட்டு, பணம் கட்டாம சும்மா உட்கார்ந்திருப்பேன். பொறுமைதான் சாமி என் தொழில்."

"அடேயப்பா! இந்த மடத்துல யாருக்கும் அவ்வளவு பொறுமை இல்லை," என்று குரு சிரித்தார். "சரி, எதிரே யார் உட்காருவா?"

"ஆள் யாருன்னு தெரியாது. திரையில பேர் மட்டும் வரும். ஒவ்வொரு பேருக்கும் அவங்க குணத்தை ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். தோத்தா ஆத்திரத்துல கண்டபடி ஆடுறவங்க எந்த மேசையில இருக்காங்களோ, அங்க போய் உட்காருவேன். அவங்க பணம்தான் சுலபமா கைக்கு வரும். இந்தத் தொழில்ல எல்லாரும் செய்றதுதான்."

"அப்படி ஒரு பேர் சொல்லுங்க."

"'யாழினி அப்பா'ன்னு ஒருத்தர். தினமும் வருவார்."

குரு கீரையைக் கீழே வைத்தார்.

"ஆட உட்காருறதுக்கு முன்னால அவருக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்குங்க. உங்க மகளுக்கு வேண்டுற மாதிரியே. பாவமா இல்லையான்னு அப்புறம் பேசுவோம்."

"இவ்வளவுதானா சாமி?"

"இவ்வளவுதான்."

பத்தாம் நாளே வந்து நின்றார் சேந்தன். முகம் வாடிக் கிடந்தது.

"வேற ஏதாவது சொல்லுங்க சாமி. இது என்னால ஆகலை."

"ஏன், என்ன ஆச்சு?"

"முதல்ல சுலபமாத்தான் இருந்துச்சு. அவர் நல்லா இருக்கணும்னு வேண்டினேன். நாலாம் நாள்தான், நல்லா இருக்கிறதுன்னா என்னன்னு யோசிச்சேன். அவர் அந்த மேசையை விட்டு எழுந்து போகணும். அதை வாய்விட்டுக் கேக்கப் பயமா இருந்துச்சு. கடவுள் காதுல விழுந்துட்டா, என் வீட்டு அடுப்பு எப்படி எரியும்?"

"கேக்கவே இல்லையா?"

"நேத்துக் கேட்டுட்டேன். இன்னிக்குக் காலையில அவர் வரலை."

"நல்லதுதானே?"

"கண்ணுல தண்ணி வந்துடுச்சு சாமி. அவ்வளவு சந்தோஷம்." சேந்தன் தலையைக் குனிந்துகொண்டார். "ஆனா அந்தத் தண்ணி காயறதுக்குள்ள, என் கை நோட்டைப் புரட்டி அடுத்த பேரைத் தேடுச்சு."

குரு அவரை உட்காரச் சொன்னார். உள்ளே போய், ஒரு தட்டில் நாலு இட்லியோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாப்பிடுங்க. யாழினி அப்பா மேசையை விட்டு எழுந்துட்டார். இனி உங்களுக்காக நான் வேண்டிக்கிறேன்."