வாழை கேட்டவளுக்கு வாளை மீன்

“இந்தப் பட்டியல்ல ஒரே ஒரு பிழையைக் காட்டுங்கம்மா. இப்பமே இந்தத் தாளைக் கிழிச்சுப் போடுதேன்” என்றார் வேதமாணிக்கம்.

பல்கலைக்கழக நூலகர் உலகம்மாள் தாளை வாங்கிப் பார்த்தார்.

‘நூலகப் பட்டியல் முழுவதும் கணிப்பொறியில் ஏற்றி முடிக்கப்பட்டது’ என்று ஒரு வரி. கீழே, பட்டியலாளர் என்ற இடத்தில் வேதமாணிக்கத்தின் கையெழுத்து. நூலகர் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

“பிழை எதுவும் இல்ல அண்ணாச்சி.”

“அப்ப கையெழுத்துப் போடுங்க.”

“இன்னும் முடியலையே.”

தாள் திரும்பி அவர் கைக்கே வந்தது. இது மூன்றாவது தடவை.

மே மாதக் கடைசியோடு வேதமாணிக்கத்துக்கு வேலை முடிகிறது. இன்னும் இருபத்தாறு நாள். அதற்குள் அந்தக் கையெழுத்து விழவில்லையென்றால், அடுத்து வருகிற ஆள் வந்து ஒரு புள்ளி வைப்பான். முடித்தவன் என்று அவன் பெயர் நிற்கும். முப்பத்து மூன்று வருஷம் நூலகத்தில் இருந்த மனிதர். பாராட்டு விழா வேண்டாம், மாலை வேண்டாம் என்று முன்னமே சொல்லிவிட்டார். ‘முடிக்கப்பட்டது’ என்ற ஒரு சொல்லுக்குக் கீழே தன் பெயர் கிடந்தால் போதும். அவ்வளவுதான் ஆசை.

உலகம்மாள் அவரைவிடப் பதினாறு வயது இளையவர்.

நூலகராக வந்த புதிதில் துணைவேந்தரிடம் போய்க் கணிப்பொறி கேட்டார். “புத்தகமெல்லாம் கணக்குப் போடப் போகுதாம்மா?” என்று அந்த அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உலகம்மாளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த மாதமும் போய்க் கேட்டார். பதினெட்டு மாதம் கேட்டார்.

அதற்கிடையில், இயற்பியல் துறையின் கணிப்பொறி ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடக்கிறது என்று தெரிந்துகொண்டு அங்கே போய் உட்கார்ந்தார். நூலகத்துக்கு வேண்டிய நிரல்களைத் தானே எழுதினார். எழுதியதை நாடாச் சுருளில் ஏற்றி, சுருளைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு திரும்புவார். பக்கத்துப் பல்கலைக்கழகங்களில் அப்போது யாரும் இதை நினைத்தும் பார்த்திருக்கவில்லை.

கடைசியில் ஒருநாள் நூலகத்துக்கென்றே கணிப்பொறி வந்து இறங்கியது. அட்டை எழுதுகிற ஆறு பேரில் ஐந்து பேர், வேலை போச்சு என்று வாசலில் கூடி நின்றார்கள். வேதமாணிக்கம் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்குச் சொல்லிக்கொடுங்கம்மா.”

“மொதல்ல செருப்பைப் போட்டுக்கிட்டு வாங்க அண்ணாச்சி” என்றார் உலகம்மாள்.

அப்படித்தான் ஐம்பத்திரண்டு வயதில் வேதமாணிக்கம் சிஷ்யப்பிள்ளை ஆனார்.

அந்தக் கணிப்பொறிக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ப் புத்தகத்தின் பெயரையும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். வேதமாணிக்கம் இரண்டு மாதம் உட்கார்ந்து ஒரு விதி எழுதினார். நெடில் வந்தால் எழுத்தை இரண்டு தடவை தட்டு. ழகரம் வந்தால் இசட், எச். லகரத்துக்கும் ளகரத்துக்கும் எல் ஒன்றுதான், வேறு வழியில்லை. அந்த விதியைச் சுவரில் ஒட்டிவைத்து, எண்பத்து நாலாயிரம் புத்தகங்களை ஐந்து வருஷத்தில் ஏற்றினார். விதி ஓர் இடத்திலும் வழுவவில்லை. கால் வைக்கும் இடமெல்லாம் பார்த்துப் பார்த்து வைக்கிற மனிதர். உலகம்மாளுக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

“என்ன முடியலைன்னாவது சொல்லுங்கம்மா” என்றார் இப்போது.

உலகம்மாள் எழுந்து ஒரு முக்காலியை எடுத்தார். வாசகர் கூடத்துக்கு நடந்தார். மாணவர்கள் புத்தகம் தேடுவதற்கென்று அங்கே ஒரு திரையும் விசைப்பலகையும் வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டார்.

“இன்னிக்குப் பூரா இங்க உக்காருங்க. யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்கப்படாது.”

“கையைக் காட்டலாமா?”

“அதுவும் கூடாது.”

வேதமாணிக்கம் உட்கார்ந்தார்.

பத்தரை மணிக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி தாவரவியல் ஆராய்ச்சி மாணவி, பேச்சியம்மாள் என்று பெயர். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஊர்க்காரி. வாழையில் வரும் இலைப்புள்ளி நோயைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். பழைய ஆட்கள் தமிழில் எழுதிவைத்தது ஏதாவது உண்டா என்று பார்க்கச் சொல்லியிருந்தார் அவளுடைய பேராசிரியர்.

பேச்சியம்மாள் ஒரு விரலால் வி, ஏ, எல், ஏ, ஐ என்று தட்டினாள்.

திரையில் மூன்று புத்தகங்கள் வந்தன. மூன்றும் மீன்பிடி வலைகள் பற்றியவை.

“ஏட்டி, நெடிலுக்கு இன்னொரு ஏ போடு” என்றாள் கூட வந்தவள்.

போட்டாள். ஒரே ஒரு புத்தகம் வந்தது. குளங்களில் வாளை மீன் வளர்ப்பது எப்படி.

“கொளம்பு வைக்கலாம், ஆராய்ச்சி பண்ண முடியாது” என்று இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வேதமாணிக்கம் சிரிக்கவில்லை. வாழையைப் பற்றி நாற்பத்தோரு புத்தகங்கள் இருந்தன. அலமாரி எண் அவருக்கு மனப்பாடம். தேங்காய் மட்டை நிறத்தில் பழைய அட்டை போட்ட ஒன்றில் இலைப்புள்ளிக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. இசட், எச் என்று இரண்டு எழுத்து. விதி இந்தச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது, அவள் திரும்பிப் பார்த்தால் போதும். அவர் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பேச்சியம்மாள் அவர் பக்கம் குனிந்தாள்.

“சார், நம்ம லைப்ரரியில வாளையப் பத்தி எதுவுமே கெடையாதா?”

வேதமாணிக்கம் அவளைப் பார்த்தார்.

“சார்?”

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“பாவம்ட்டி, பேச வராது போல” என்றாள் கூட வந்தவள். “வா போவோம். இங்க இல்ல.”

போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். ஒன்பது பேர் வெறுங்கையோடு போனார்கள். ஒருவர்கூடக் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இல்லை என்று திரை சொன்னதும், சரி, இல்லைபோல என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

நூலகம் மூடுகிற நேரம் அவர் உலகம்மாள் அறைக்குள் வேகமாக நுழைந்தார்.

“நாப்பத்தோரு புத்தகம் இருக்கும்மா! அந்தப் பிள்ளை பிழையா அடிக்கா. பிழையாவே சொல்லுதா. இத்தனை படிச்சும் ஒரு ழ வரல வாயில. அதுக்கு நான் என்ன செய்ய? அவ பிழையை எம் பட்டியல்ல ஏத்தவா முடியும்?”

“உக்காருங்க அண்ணாச்சி. சந்தைக்கு யாரு போவா உங்க வீட்ல?”

“நாந்தான்.”

“பழக்காரிகிட்ட என்ன கேப்பிய?”

“வாளப்பளம்” என்றார் வேதமாணிக்கம், எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமல்.

சொன்ன பிறகு அந்தச் சொல் அவர் காதிலேயே விழுந்தது.

உலகம்மாள் முகத்தில் சிரிப்பே இல்லை.

“மீனைத் தூக்கித் தந்துட்டாளா?”

வெளியே காவலாளி ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தார்.

உலகம்மாள் அலமாரியைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட, மடிப்பு மடிப்பான நீளத் தாள். தரையில் வைத்தபோது முழங்கால் உயரம் வந்தது. இல்லை என்று திரை சொன்ன ஒவ்வொரு தடவையும், கேட்டவர் தட்டியது என்ன என்று கணிப்பொறி தானாகக் குறித்துவைக்கும்படி அவர்தான் நிரல் எழுதியிருந்தார். ஜனவரியிலிருந்து இன்று வரைக்கும் உள்ளது.

“நம்மகிட்ட புத்தகம் இருந்தும் கெடைக்காமப் போனது” என்றார். “தூக்க முடியுமா?”

வேதமாணிக்கம் தூக்கிக்கொண்டார்.

மறுநாள் முதல் அவரை யாரும் வேறு எங்கும் பார்க்க முடியவில்லை. காலையில் முதல் ஆளாக வந்து கணிப்பொறி முன்னால் உட்காருவார். ஒவ்வொரு புத்தகத்தின் பதிவிலும் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. ஐந்து வருஷமாக அதை நிரலில் நேர்ந்த கைத்தவறு என்று நினைத்து, உலகம்மாள் மனம் நோகக் கூடாதென்று சொல்லாமலே விட்டிருந்தார். அது உலகம்மாள் இதற்கென்றே விட்டுவைத்த இடம் என்று இப்போதுதான் புரிந்தது. அந்த வரியில் தட்டத் தொடங்கினார். ஏரல்காரன் எப்படிச் சொல்லுவான், கழுகுமலைக்காரி எப்படி எழுதுவாள், அவசரத்தில் நெடிலை விழுங்குகிறவன் எதைத் தட்டுவான் என்று ஒவ்வொன்றாக. முதல் பிழையைத் தட்டும்போது விரல் கூசியது. எழுதிவிட்டு இரண்டு தடவை அழித்தார். மூன்றாவது தடவை விட்டுவைத்தார்.

நாலாம் நாள் ஆராய்ச்சி மாணவியர் விடுதிக்கு நடந்து போய், பேச்சியம்மாள் பெயருக்கு ஒரு சீட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். ‘வாளை இருக்கிறது. நாற்பத்தொன்று. வரவும்’ என்று எழுதியிருந்தார். எழுத்தைத் திருத்தலாமா என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். திருத்தவில்லை.

மே முப்பத்தொன்றாம் தேதி பிற்பகலில், அந்தத் தாளோடு உலகம்மாள் அறை வாசலில் வந்து நின்றார். மடித்து மடித்துத் தாளின் நடுவே கிழிசல் விட்டிருந்தது.

“எத்தனை அண்ணாச்சி?”

“பதினோராயிரத்துச் சொச்சம். எனக்கு எட்டின மட்டும்.”

உலகம்மாள் எழுந்து வாசகர் கூடத்துக்கு வந்தார். அவரும் பின்னாலேயே வந்தார். உலகம்மாள் திரை முன்னால் நின்று எதையோ தட்டினார்.

இல்லை என்றது திரை.

வேதமாணிக்கம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றேமுக்கால். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தட்டியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“வாயை… வாயப்பயமா?”

“ம்.”

“அப்படியும் சொல்லுவாகளா? எந்த ஊர்லம்மா?”

“ஆர்க்காட்டுப் பக்கம். எங்கூட விடுதியில இருந்த பிள்ளை அப்படித்தான் கேக்கும்.”

“அட!” என்றார் வேதமாணிக்கம். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “அப்ப மழை, மயையா? கிழங்கு, கியங்கா? கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா.”

கையில் இருந்த தாளை எங்கோ வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இரண்டாவது எழுத்தைத் தட்டும்போது, பின்னால் பேனாவின் மூடி கழலும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.