கிளியைச் சுடாத மிளகாய்

அந்தக் காலத்தில், செடியும் பறவையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், மிளகு விளையும் நாட்டைத் தேடிப் பறங்கியர் கப்பல் ஒன்று கிழக்கே கிளம்பியது. அதில் சமையல்காரன் பஸ்தியான். அவன் தம்பி லூக்காஸ் பாய்மரம் ஏறுகிறவன்.

லூக்காஸ் ஒரு மண்தொட்டியில் சின்னஞ்சிறு செடியைக் கொண்டுவந்திருந்தான். மேற்குக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த செடி. பழம் செக்கச்செவேலென்று இருக்கும். வாயில் போட்டால் சப்பென்றிருக்கும். "இதற்கா இத்தனை பாடு?" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

ஆப்பிரிக்கக் கரையைச் சுற்றி வரவே மாதங்கள் ஓடின. காய்கறி இல்லாமல் ஆட்களுக்கு ஈறு அழுகியது. செடி காய்க்கும் முன்பே லூக்காஸ் படுத்துவிட்டான்.

"அண்ணா, மிளகு விளைகிற மண்ணில் என் செடியை ஊன்றிவிடு."

அதுதான் அவனுடைய கடைசிப் பேச்சு. அவன் உடலைக் கடலில் இறக்கினார்கள்.

அதன் பிறகு, தினமும் கிடைக்கிற ஒரு குவளைத் தண்ணீரில் பாதியைப் பஸ்தியான் தொட்டியில் ஊற்றினான்.

"உனக்கே நாக்கு வறண்டு கிடக்கிறதே," என்றது செடி.

"பேசாமல் குடி," என்றான் அவன்.

அடுப்படியில் அவனுக்குத் துணை ஒரு பச்சைக்கிளி. இறக்கை ஒடிந்து கரையில் கிடந்ததை எடுத்து வந்திருந்தான். அப்போதெல்லாம் கிளியின் அலகு சங்குபோல் வெள்ளையாக இருக்கும்.

செடியில் நான்கு பழங்கள் பழுத்த வேளையில் புயல் பிடித்தது. கப்பலுக்குள் ஏறிய தண்ணீரை இறைக்க எல்லோரையும் கூப்பிட்டார்கள். "செடியைப் பார்த்துக்கொள்," என்று கிளியிடம் சொல்லிவிட்டுப் பஸ்தியான் ஓடினான்.

ரொட்டி மூட்டைகளைத் தின்று தீர்த்த எலிகள் அதற்காகவே காத்திருந்தன. கூட்டமாகத் தொட்டியைச் சூழ்ந்தன. கிளி கொத்திப் பார்த்தது, கத்திப் பார்த்தது. எலிகள் அசையவில்லை. சட்டென்று அடுப்புச் சாம்பலுக்குள் அலகை விட்டு, ஒரு நெருப்புத் துண்டைக் கவ்விக்கொண்டு வந்தது.

"என் வேரில் போடு!" என்று அலறியது செடி. "கருகினாலும் பரவாயில்லை, போடு!"

கிளி போட்டது. செடி அந்தத் தீயை வேரால் உறிஞ்சிப் பழங்களுக்குள் ஏற்றிக்கொண்டது. முதலில் கடித்த எலி கீச்சிட்டுத் துள்ளி ஓட, மற்றவையும் பின்னாலேயே ஓடின.

பஸ்தியான் நனைந்து திரும்பியபோது கிளியின் அலகு தணல்போல் சிவந்திருந்தது. அன்றைய தண்ணீர் முழுவதையும் அவன் அந்த அலகில் ஊற்றினான். "எனக்காகவா வெந்துபோனாய்?" என்று செடி அழுதது. "என் காரம் யாரைச் சுட்டாலும் சரி, உன்னையும் உன் பறவைக் குலத்தையும் சுடாது."

கப்பல் ஒருவழியாக மிளகு விளையும் நாட்டின் காயல் கரையை அடைந்தது. இறங்கியதும் பஸ்தியான் செய்த முதல் வேலை, அந்தச் செடியை ஊன்றியதுதான். மீன் உலர்த்திக்கொண்டிருந்த சிதம்பி என்பவள் ஒரு பழத்தைக் கடித்தாள்.

"ஆத்தாடி! மிளகெல்லாம் இதுகிட்ட நிக்குமா? இதுதான் மிளகுக்காய்!"

கண்ணில் நீர் வழிய அவள் இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். தம்பி போனபின் பஸ்தியான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அன்று முதல்தான் அதற்கு மிளகாய் என்று பேர். நாம் கண் கலங்கித் தின்பதைச் சிவந்த அலகுக் கிளி சுகமாகக் கொறிப்பதும் அன்று முதல்தான்.