சீம்பாலுக்கு முன்னால்

“ஏழு மாசம் ஆச்சும்மா. இன்னும் ஒரு சொல்லுகூட எனக்குச் சொல்லலை” என்றார் கோதண்டபாணி.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வயது அறுபத்திரண்டு. உபநிடதம் பத்தும் மனப்பாடம். ஜவ்வாது மலையில் ஆடு வளர்க்கிற வெள்ளச்சி ஒரு சொல் சொன்னால் மனசு அடங்கிப்போகும் என்று யாரோ சொல்ல, பெட்டியோடு ஏறி வந்தவர்.

வெள்ளச்சிக்கு நாற்பது இருக்கும். பட்டியைக் கூட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. தரை ஈரம் கசிந்து ஓதமாக இருக்கிறது, ஒரு கூடை சருகு அள்ளி வந்து பரப்புங்கள் என்றாள்.

ஏழு மாசமாக இதே மாதிரி பதில்தான். மனுஷனுக்குப் பொறுமை என்று ஒன்று இருக்கிறதே. இன்று சொல்லாவிட்டால் மத்தியான பஸ்ஸில் இறங்கிவிடுவேன் என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு அவள் தழை ஒடிக்கப் போய்விட்டாள். அவர் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தார். கூடை இருந்த இடத்திலேயே இருந்தது.

மார்கழி. பனியோடு தூறலும் சேர்ந்துகொண்டது. அந்த நேரம் பார்த்துக் கருப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது, ஈரத் தரையிலேயே.

முதல் குட்டி துவண்டு கிடந்தது. கத்தவும் இல்லை. பசி என்று நினைத்தார் கோதண்டபாணி. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். தாயிடம் சீம்பாலைப் பீச்சி, பாலாடைச் சங்கில் எடுத்து, குட்டியின் வாயைப் பிளந்து ஊற்றினார். உள்ளே போனது. அப்பாடா என்றிருந்தது.

வெள்ளச்சி திரும்பி வந்தபோது குட்டியின் வயிறு உப்பியிருந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது.

“பால்தானேம்மா குடுத்தேன்” என்றார்.

அவள் திட்டவில்லை. அவர் விரலைப் பிடித்துச் செத்த குட்டியின் வாய்க்குள் வைத்தாள். கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது.

“வாய் சில்லுனு இருக்கறப்ப பால் ஊத்தினா செரிக்காது வாத்தியாரே. தாய்ப்பாலே ஆனாலும் கொன்னுடும்.”

இரண்டாவது குட்டியும் துவளத் தொடங்கியிருந்தது. கோணியால் அதன் ஈரம் போகத் தேய்த்தாள். அவர் சட்டைக்குள் விட்டு, மேலே கம்பளியைச் சுற்றி, அடுப்பின் பக்கத்தில் உட்கார வைத்தாள். எழுந்திருக்கக் கூடாது என்றாள்.

உட்கார்ந்தார். வெளியே தாய் ஆடு கத்திக்கொண்டே இருந்தது. மடியிலிருந்து பால் சொட்டுவது இங்கிருந்தே தெரிந்தது. கண்ணெதிரே பால் இருக்க, இதுவும் பட்டினியில் போய்விடுமோ என்று அவருக்குப் பதறியது. குட்டியின் வாயில் விரல் வைத்துப் பார்த்தார். சில்லென்றுதான் இருந்தது. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு கொடுக்கலாமா என்று கேட்டார்.

“இன்னும் இல்ல.”

கீழே வளைவில் மத்தியான பஸ் ஹாரன் அடித்தது. வாசலில் பெட்டி நனைந்துகொண்டிருந்தது. அவர் குட்டியின் வாயிலிருந்து விரலை எடுக்கவில்லை. பஸ் போய்விட்டது.

ரொம்ப நேரம் கழித்து விரலை ஏதோ இழுத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. குட்டி சப்பிக்கொண்டிருந்தது.

வெள்ளச்சி அதை வாங்கித் தாயின் மடியில் விட்டாள். முட்டி முட்டிக் குடித்தது. வால் ஆடியது. கோதண்டபாணி வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏழு மாசப் பழக்கம் எங்கே போகும்? பஸ்ஸும் போய்விட்டது, கேட்டால் என்ன என்று மறுபடி ஆரம்பித்தார்.

“அம்மா, அந்த ஒரு சொல்லு…”

வெள்ளச்சி முந்தானையில் கையைத் துடைத்தாள். ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தாள்.

“வாயத் தொறங்க, பாக்கலாம்.”

கோதண்டபாணி கூடையை எடுத்துக்கொண்டு சருகு அள்ளப் போனார்.