பன்னிரண்டடியில் ஒரு கட்டடம்

தையற்காரர் தேவசகாயத்துக்கு ஐம்பத்தேழு வயதில் புகைப்படப் பைத்தியம் பிடித்தது. அவருடைய ஆசிரியை ஜைனம்புக்கு வயது முப்பத்து மூன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட அறையைக் கேட்டு வாங்கி, ஃபிலிம் கேமரா வைத்திருந்த ஏழெட்டுப் பேருக்கு வகுப்பு நடத்தினாள். படம் நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்று அங்கே யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எடுத்தவன் கால் எங்கே நின்றது என்று முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தெரியாதவர் மற்றதைப் பேச வேண்டாம் என்பது அவள் சட்டம்.

ஒரு ஞாயிறு தேவசகாயம் ஒரு நோட்டீஸோடு வந்தார். அவர் குடியிருக்கும் மாடிக் கட்டடம் இடிந்து விழும் நிலையில் இருக்கிறதாம். எட்டுக் குடும்பமும் காலி செய்ய வேண்டும். ஆட்சேபம் இருந்தால் வருகிற வியாழக்கிழமை நேரில் வந்து சொல்லலாம். கீழே நகராட்சி இன்ஜினீயரின் கையெழுத்து. அத்தாட்சி என்று ஒரு கலர் படம் இணைத்திருந்தார்கள். வீட்டுக்காரரின் மைத்துனன் எடுத்துக் கொடுத்தது.

படத்தில் கட்டடம் மல்லாக்க விழப்போனது. சுவரெல்லாம் பாசி பிடித்தாற்போல் பச்சை.

"முப்பது வருசமா இருக்கேன் டீச்சர். ஒரு நாள் சாயலை. பாசியும் கிடையாது" என்றார் தேவசகாயம். "பொய் சொல்லாத லென்ஸ் எதுன்னு சொல்லுங்க. அதுல ஒரு படம் எடுத்து அந்த இன்ஜினீயர் மூஞ்சில விட்டெறியறேன்."

"அந்த லென்ஸ் கடையில கிடைக்காது அண்ணாச்சி."

அவர் கேட்பாரா? யாரிடமோ தூரத்தை இழுத்துக் காட்டும் நூற்று முப்பத்தைந்து எம்.எம். லென்ஸை இரவல் வாங்கினார். தூரத்து அரிசி ஆலையின் மொட்டை மாடியில் ஏறிக் காலை வெயிலில் எடுத்தார். படத்தில் கட்டடம் நெட்டுக்குத்தாக, பொன்னிறத்தில், அரண்மனை மாதிரி நின்றது. செவ்வாய்க்கிழமையே அதைக் கொண்டுவந்து நீட்டினார். பெருமை தாங்கவில்லை.

ஜைனம்பு பார்த்தாள். "அவன் படத்துல மாடிக் கைப்பிடிச் சுவர்ல ஒரு விரிசல் இருந்துச்சே. எங்க காணோம்?"

"அது... அவ்வளவு தூரத்துல தெரியாது."

"அவன் கிட்டப் போயி வீட்டைத் தள்ளிவிட்டான். நீங்க தூரப் போயி விரிசலை முழுங்கிட்டீங்க. ரெண்டு பேர்ல யாரு யோக்கியன்?"

தேவசகாயத்துக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. வீடு போகப்போவது தனக்கல்லவா, இவளுக்கென்ன என்று நினைத்தார்.

"அவன் கால் எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள் அவள்.

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தலையைக் குனிந்தபடி வீட்டுக்குப் போனார். மைத்துனனின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் நகர்ந்து, உட்கார்ந்து எழுந்து, தெருவே வேடிக்கை பார்க்க அரை மணி நேரம் தேடினார். சாக்கடை ஓரத்தில் குத்தவைத்து அண்ணாந்தபோது கட்டடம் அப்படியே சாய்ந்தது. அளவு நாடாவை எடுத்து அளந்தார். சுவரிலிருந்து பன்னிரண்டு அடி.

மறுநாள் அதைக் கேட்டதும் ஜைனம்பு முதல்முறையாகச் சிரித்தாள். "அகலமாப் பாக்கற இருபத்தெட்டு எம்.எம். லென்ஸ். ஃபிலிம் ரோல் காலாவதியானது, அதான் பச்சை. அதே மாதிரி லென்ஸும் ரோலும் என்கிட்ட கிடக்கு. வாங்க."

அவள் கூட்டிப்போனது நகராட்சி அலுவலகத்துக்கு. பெயர்ப்பலகை தெரியாத பக்கவாட்டுச் சுவர். தேவசகாயத்தின் நாடாவாலேயே பன்னிரண்டு அடி அளக்கச் சொன்னாள்.

"குத்தவைங்க. அண்ணாந்து எடுங்க."

"டீச்சர், புடிச்சு உள்ள வச்சிருவாங்க."

"சுவரைப் படம் எடுத்ததுக்கா? எடுங்க."

வியாழக்கிழமை இருவரும் இன்ஜினீயர் முன் நின்றார்கள். அவர் உட்காரச் சொல்லவில்லை. தேவசகாயம் அரண்மனைப் படத்தைக் கொண்டுவரவில்லை. கைப்பிடிச் சுவரில் விரிசல் உண்டு, அதைப் பூசித் தர வேண்டும், கட்டடம் சாயவில்லை என்று மனுவில் எழுதியிருந்தார்.

"நீ எழுதிட்டா ஆச்சா?" என்றார் இன்ஜினீயர். "படம் இருக்குய்யா. படம் பேசுது."

தேவசகாயம் தங்கள் படத்தை மேஜையில் வைத்தார். இன்ஜினீயர் எடுத்துப் பார்த்தார். புருவம் ஏறியது.

"இது அதைவிட மோசமால்ல இருக்கு! பச்சை புடிச்சு, மல்லாந்து... இதுக்குள்ள ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க சார்."

"என்னய்யா, உயிரோட விளையாட்டா? இன்னைக்கே காலி பண்ண நோட்டீஸ் அடிக்கச் சொல்றேன். எந்தத் தெரு?"

இந்த மனிதர் நினைத்தால் தேவசகாயத்தைத் தெருவில் நிறுத்தலாம். ஆனால் எட்டுக் குடும்பமும் ஏற்கெனவே தெருவுக்குப் போகிற பாதையில்தான் இருந்தது. இனி எதற்குப் பயப்படுவது?

"நீங்க உக்காந்திருக்கற கட்டடந்தான் சார்" என்றார். "நோட்டீஸ் அடிங்க. நாங்களே ஒட்டிட்டுப் போறோம்."

பக்கத்து மேஜைகளில் பேனாக்கள் நின்றன. இன்ஜினீயரின் முகம் கறுத்தது. படத்தை மேஜையில் அறைந்தார்.

"நக்கலா? பதினாறு வருசமா இங்க வேலை பாக்கறேன். இந்தக் கட்டடத்தை எனக்குத் தெரியாதா? இப்படியா இருக்கு இது? எங்க நின்னு எடுத்தீங்க இதை?"

தேவசகாயம் ஆசிரியையைப் பார்த்தார். அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"பன்னெண்டு அடியில, குத்தவச்சு, அண்ணாந்து. வாங்க, அந்த எடத்தைக் காட்டறேன்" என்றாள் ஜைனம்பு. "எங்க அண்ணாச்சி வீட்டை நீங்க எங்க நின்னு பாத்தீங்க சார்?"