சிந்தாக்குளம் கேப்டனும் நிரம்பாத கேலரியும்

சிந்தாக்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. இதுவரை யாரும் அதை எடுத்துப் புழங்காததால் புத்தம் புதிதாகவே இருக்கிறது.

அந்த ஊரில் ஒரு ரக்பி அணி இருந்தது. ஊருலகம் கபடியும் கிரிக்கெட்டும் ஆடும்போது நீங்கள் மட்டும் ஏன் ரக்பி ஆடுகிறீர்கள் என்று கேட்டால், "அது ரெண்டுலயும் தோத்தாச்சு, வேற என்ன பாக்கி?" என்பார்கள். நியாயமான பதில்தான்.

அணிக்குக் கேப்டன் கொம்பையா. முட்டை வியாபாரி. ரக்பிப் பந்து முட்டை வடிவத்தில் இருந்ததால் வேறு ஆளை யாரும் யோசிக்கவில்லை. கொம்பையாவும் பந்தை முட்டையாகவே நடத்தினார். கைக்கு வந்தால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடப்பார். யாரிடமும் எறிய மாட்டார். எறிந்து உடைந்துவிட்டால் யார் பொறுப்பு?

ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்லிவிட வேண்டும். கேப்டன் ஆகும்வரை ஊர் அவரை "ஏ, முட்டை" என்றுதான் கூப்பிட்டது. ஆன பிறகு "வாங்க கேப்டன்" என்றது. மாமனார்கூட எழுந்து நாற்காலி போட்டார். கொம்பையா வாழ்நாளில் சம்பாதித்த சொத்து அந்த ஒரு சொல்தான். அதற்கு ஆபத்து வந்தது.

மாவட்ட ரக்பிக் கழகத்தின் செயலாளர் எட்வின் சார் ஒருநாள் ஆட்டம் பார்க்க வந்தார். மைதானத்தின் ஓரத்தில் சிமெண்டுப் படிகளால் கட்டிய கேலரி உண்டு. அதில் சில ஆடுகள் படுத்திருந்தன. இடைவேளையில் அவையும் எழுந்து போய்விட்டன.

"இங்க பாருங்க கேப்டன்," என்றார் எட்வின் சார். "அடுத்த ஆட்டத்துக்கு இந்தக் கேலரி நிரம்பி இருக்கணும். ஒரு ஆள் உக்கார இடம் காலியா இருந்தாலும் அணியைக் கலைச்சிருவோம்."

கொம்பையா பந்தை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். "நிரப்ப என்ன செய்யணும் சார்?"

எட்வின் சார் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்யும் தப்பையே அவரும் செய்தார், யோசனை சொன்னார். "பந்தை வீடு வீடாக் கொண்டுபோங்க. ஜனங்களுக்குப் பழகட்டும். ஆட்டத்துல எதிராளியைப் பிடிச்சா லேசுல விடாதீங்க. முக்கியமா, பந்தைக் கையால முன்னால எறியாதீங்க. பின்னாலதான் எறியணும், அதுதான் விதி."

மறுநாளே பந்தோடு கிளம்பினார்கள். முதல் வீட்டு வாசலில் பந்தை வைத்துவிட்டு அணியின் பதினைந்து பேரும் கைகட்டி நின்றார்கள். பேசச் சொல்லி எட்வின் சார் சொல்லவில்லையே. வீட்டுக்கார அம்மாள் வந்தாள், பந்தை எடுத்து அமுக்கினாள், மோந்து பார்த்தாள்.

"பப்பாளி காயா இருக்கே. பழுத்த பெறவு கொண்டாங்க," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த வீட்டுக்கு அவர்கள் போகவில்லை. முதல் ரசிகை ஒரு குறை சொல்லியிருக்கிறாள், அதைத் தீர்க்காமல் எப்படிப் போவது? பந்தை வைக்கோலில் பொதிந்து பழுக்க வைத்தார்கள். அது பழுக்கும்வரை பந்தில்லாமலே பயிற்சி நடந்தது. அந்தப் பயிற்சியில் யாரும் பந்தை நழுவவிடவில்லை என்று கொம்பையா பெருமையோடு சொல்லிக்கொண்டார்.

பிறகு பக்கத்து ஊர் அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம். அணியின் அறிவாளி ஆவுடையப்பன், கல்யாண வீடுகளில் மைக்செட் கட்டுகிறவன், எதிரணியின் ஓட்டக்காரன் ஒருவனை இடுப்போடு கட்டிப் பிடித்தான். விசில் ஊதினார்கள். விடவில்லை. ஆட்டம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். அப்போதும் விடவில்லை. கட்டிப் பிடித்தபடியே தன் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

தகவல் தெரிந்து எட்வின் சார் போன் செய்தார். "அந்தப் பையனை விடுங்கப்பா."

"லேசுல விடாதீங்கன்னு நீங்கதான சார் சொன்னீய," என்றான் ஆவுடையப்பன். "நான் கஷ்டப்பட்டுத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

ஓட்டக்காரனுக்கும் அவசரம் ஒன்றும் இல்லை. கொம்பையா கொடுத்தனுப்பிய முட்டைக் குழம்பில் அவன் மனம் லயித்திருந்தது. கடைசியில் அவன் அம்மா விளக்குமாற்றோடு வந்துதான் இருவரையும் பிரித்தாள்.

இனி மிச்சம் இருந்தது பந்தைப் பின்னால் எறிகிற விதி. அதைப் பற்றி மைதானத்தில் வட்டமாக உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"நாம போகவேண்டியது முன்னால," என்றார் கொம்பையா. "பந்தை எறியவேண்டியது பின்னால. இது எப்படிவே சரியா வரும்?"

ஆவுடையப்பன் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தான். "நாம திரும்பி நின்னுட்டா?"

"திரும்பி நின்னா?"

"நமக்கு முன்னால இருக்கது பின்னால போயிரும். பெறவு பின்னாலயே எறிஞ்சுக்கிட்டே முன்னால போயிரலாம்."

இத்தனை காலம் இது எந்த நாட்டுக்காரனுக்கும் தோன்றவில்லையே என்று வருத்தப்பட்டார்கள். அன்று முதல் எதிராளிக்கு முதுகைக் காட்டி ஓடப் பழகினார்கள். ஒருவன் கோல் கம்பத்தில் பின்மண்டையை இடித்துக்கொண்டான். மண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பம் கொஞ்சம் சாய்ந்தது.

ஆட்டத்துக்கு முதல் நாள் கொம்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடியும் "ஏ, முட்டை" என்று கூப்பிடுகிற சத்தம் காதில் கேட்டது. பொறுக்க முடியாமல் எழுந்துபோய்க் கடையில் இருந்த முட்டை அத்தனையையும் அவித்தார். ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு முட்டை என்று ஆவுடையப்பன் மைக்கில் சொன்னான். விளையாட்டின்மேல் ஊருக்கு ஒரே நாளில் பற்று வந்துவிட்டது.

ஜனம் திரண்டு வந்தது. கேலரி நிரம்பியது, மேல்வரிசையின் ஒரு பாதியைத் தவிர. எட்வின் சார் அந்தக் காலியிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மைதானத்தின் நடுவில் அணி கூடியது.

"ஊர்ல இனி ஆள் இல்ல," என்றார் கொம்பையா. "பாட்டையா ஒருத்தரு கட்டிலோட வந்து கிடக்காரு. இதுக்கு மேல எங்க போக?"

ஆவுடையப்பன் காலியிடத்தைப் பார்த்தான். அணியைப் பார்த்தான். "ஆள் உக்காரணும்னுதான சாரு சொன்னாரு? எந்த ஆளுன்னு சொல்லலையே."

கொம்பையா அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு எல்லாரும் வரிசையாக ஏறிப் போய் உட்கார்ந்தார்கள். கடைசியில் ஒரே ஓர் இடம் மிஞ்சியது. கேப்டன் கீழே நிற்பதா, கேலரி நிரம்புவதா? கொம்பையா தயங்கவே இல்லை. ஏறி உட்கார்ந்தார். கேலரி நிரம்பியது. பக்கத்தில் இருந்தவர் அவருக்கும் ஒரு முட்டை வாங்கிக் கொடுத்தார்.

விசில் ஊதியது. எதிரணி வெறும் மைதானத்தில் ஓடிப்போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்துப் புள்ளி எடுத்தது. திரும்பி வந்து மறுபடி ஓடியது. எட்வின் சார் கேலரிக்குக் கீழே வந்து கத்தினார்.

"யாராவது இறங்கி ஆடுங்கப்பா!"

"இறங்குனா இடம் காலியாயிருமே சார்," என்றார் கொம்பையா மரியாதையாக. தான் சொன்ன நிபந்தனை நினைவுக்கு வந்ததோ என்னவோ, எட்வின் சார் நின்ற இடத்துக்கே திரும்பிப் போனார்.

கேலரியில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது கொம்பையாவுக்கு இதுதான் முதல் தடவை. முதலில் சுவாரசியமாக இருந்தது. எதிரணி ஓடி ஓடிப் புள்ளி எடுக்க எடுக்க அவருக்கு ரத்தம் கொதித்தது.

"நம்ம பயலுவ எங்கவே?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். "ஒருத்தனைக்கூடக் காணோம்?"

"அதான் நானும் தேடுதேன்," என்றான் மறுபக்கம் இருந்த ஆவுடையப்பன், கையை நெற்றியில் வைத்து மைதானத்தைத் துழாவியபடி. "இந்த லட்சணத்துல ஆடுனா யாரு வந்து பாப்பா?"

"எல்லாம் கேப்டன் சரியில்ல," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"சரியாச் சொன்னீய," என்றார் கொம்பையா. முட்டையை விழுங்கிவிட்டு எழுந்து நின்றார். "ஊரே வேலையைப் போட்டுட்டு வந்து உக்காந்திருக்கு. அந்த மனுசன் எட்டிக்கூடப் பாக்கல. அவனைத் தூக்குங்க!"

ஆட்டம் முடிவதற்குள் கேலரியிலேயே ஊர்க்கூட்டம் நடந்தது. கேப்டனை நீக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கும்படி சொன்னார்கள். கொம்பையா இரண்டு கையையும் தூக்கினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

"அப்ப புதுக் கேப்டன் யாரு?" என்று கேட்டார் கட்டிலில் கிடந்த பாட்டையா.

எல்லாரும் சுற்றிலும் பார்த்தார்கள். அணிமீது இவ்வளவு அக்கறையாகக் கத்துகிறவர் அங்கே ஒருவர்தான் இருந்தார். கொம்பையாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஊர் ஆரவாரம் செய்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார். "பழைய கேப்டன் மாதிரி நான் இருக்க மாட்டேன். இனிமே இந்த அணியில ஒழுங்கு முக்கியம். அடுத்த ஆட்டத்துக்குப் பதினஞ்சு பேரும் வெள்ளனவே வந்துரணும். பிந்தி வந்தா கேலரியில இடம் கிடைக்காது, சொல்லிட்டேன்."