எண்ணெய்க் காசு ஒட்டாத சட்டை

திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனி. அங்கே மாதிரிச் சட்டை தைப்பவள் தெய்வாத்தாள். அவள் தைத்த மாதிரிக்கு வெளிநாட்டுக்காரர்களின் ஏஜென்ட் வரதராஜுலு தலையாட்டினால்தான் மிச்சச் சட்டைகளில் ஊசியே இறங்கும்.

அன்று முதலாளி அவரிடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "கச்சா எண்ணெய் ஏறிப்போச்சுங்க. விலையைக் கொஞ்சம் கூட்டிக் குடுங்க."

"பருத்திச் சட்டைக்கும் எண்ணெய்க்கும் என்னய்யா சம்பந்தம்? அதுல வடையா சுடறீங்க? எண்ணெய்க் காசு ஒட்டாத சட்டையாக் குடு. முடியாதுன்னா ஆர்டர் வேற ஊருக்குப் போயிடும்!"

தையல் மிசினை விட்டு எழுந்து வந்தாள் தெய்வாத்தாள்.

"அதுக்கென்னங்க, இப்பவே தெச்சுத் தாரேன்" என்றாள்.

ஏஜென்டின் டீ ஆறுவதற்குள் சட்டை வந்துவிட்டது. சாயமில்லை, பட்டனில்லை. அவர் தன் சட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டிவிட்டு அதை மாட்டிப் பார்த்தார். கையைத் தூக்கினார், சட்டைக் கை கழன்று கீழே விழுந்தது. கம்பெனியே கொல்லென்று சிரித்தது.

"என்ன கண்றாவி இது?"

"சாயம், பட்டன், பாலியஸ்டர் நூல் எல்லாமே கச்சா எண்ணெயில வர்றதுங்க. மிசினுக்கும் எண்ணெய் விடோணும். அதனால கையாலயே பஞ்சு நூலுல லேசா ஓட்டிட்டேன்."

"கப்பல்ல போய் இறங்கறதுக்குள்ள கந்தலாயிடுமே!"

"கப்பலுங்களா? அதும் எண்ணெயிலதானே ஓடுது! பாய்மரத்துல ஏத்திடலாமுங்க. காத்தடிக்கறப்பப் போய்ச் சேரட்டும்."

"முதல்ல என் சட்டையைக் குடு!"

தெய்வாத்தாள் அதைப் புரட்டிப் பார்த்தாள். "இதுல பட்டன் இருக்குதுங்களே. எண்ணெய்க் காசு ஒட்டியிருக்கும், பரவாயில்லைங்களா?"

வரதராஜுலு சுற்றிலும் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"விலையைக் கூட்டித் தர்றேன் தாயி. சட்டையைக் குடு, குளிருது!"